முடிச்சுக் கயிறும் ஐந்து நிமிடம் முந்திய கடிகாரமும்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் நான். பென்ஷன் கிடையாது, பிரிவு உபசாரமும் கிடையாது. ஒரு நாள் காலையில், பாய்ந்து விழுந்து எதிராளியின் கணுக்காலைப் பிடிப்பது எப்படி என்று பெண்களுக்குச் செய்து காட்டப் போனேன். கணுக்கால் கிடைத்தது. என் முழங்கால் போயிற்று. "இனிமேல் மைதானத்தில் நிற்கலாம், விழக்கூடாது" என்றார் டாக்டர். விழாமல் கபடி சொல்லிக்கொடுப்பது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. விட்டுவிட்டேன். இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் ஏன் நின்றது என்பதற்கு ஒரு நாளைக்கு மூன்று விதமான பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடி வருகிறார்கள். "அக்கா, உங்க காலத்துல எல்லாம் எப்பிடிக்கா?" என்று ஆரம்பிப்பார்கள். என் காலம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்குள் மண் போய் மேட் வந்துவிட்டது. வெறுங்கால் போய் ஷூ வந்துவிட்டது. கோடுகள் தொழிற்சாலையிலேயே அச்சாகி வருகின்றன. தலைமைப் பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுவரை ஒழுக்கம், உழைப்பு என்று ஏதோ சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவந்தேன். உண்மையான பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் விளையாடிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடது மூலையில் நிற்பேன். வேகம் உண்டு, பொறுமை கிடையாது. எதிரணிப் பெண் மூச்சை இழுப்பதற்குள்ளேயே அவள் மேல் பாய்ந்துவிடுவேன். இருபத்தொரு வயதில், தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, "நீ ஆடறதவிட ஆடறவங்கள திட்டறது நல்லா வருது" என்று சொல்லி ஸ்டெல்லா அக்கா என்னைத் துணைப் பயிற்சியாளர் ஆக்கினார்.

ஸ்டெல்லா அக்காதான் எங்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவர் கணவர் தேவராஜ் அண்ணன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் மைதானம். அக்கா தினமும் மாலை நாலரைக்கு சைக்கிளில் வருவார். சைக்கிளின் பின் கேரியரில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கும். அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, அவர் கல்யாணத்துக்கு வந்த, பெரிய வட்டக் கடிகாரம். ஸ்டாப்வாட்ச் காணாமல் போன நாளிலிருந்து அதுதான் எங்கள் ஸ்டாப்வாட்ச். எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவளுக்கு முப்பது வினாடி. அக்கா கடிகாரத்தை மடியில் குழந்தை மாதிரி உட்கார வைத்துக்கொண்டு, சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே எல்லாரையும் வைவார்.

அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம். நாங்கள் பயிற்சி முடிக்கும்வரை அவர் வீட்டில் வேறு கடிகாரமும் கிடையாது. இரவு ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டிய நாட்களில் தேவராஜ் அண்ணன் பாதி சவரத்தோடு மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்பார்.

"ஸ்டெல்லா, மணி இன்னா?"

"ஆறே கால். அஞ்சு கழிச்சிக்கோங்க."

"ஸ்டாஃப் பஸ்ஸு போயிருக்குமா?"

"நான் இன்னா, பஸ்ஸ மடியிலயா வச்சிகினு கீறேன்?"

அக்காவின் பயிற்சியில் மாறாத சட்டம் ஒன்று உண்டு. பாடிப் போகிறவள் கீழே பார்க்கக்கூடாது. விளையாட்டு தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பாடிப் போகிறவள் நடுக்கோட்டைத் தாண்டியதும், எதிரணிப் பகுதியில் இன்னொரு கோடு இருக்கும். அதற்கு பால்க் லைன் என்று பெயர். யாரையாவது தொட்டுவிட்டால் கவலையில்லை. யாரையும் தொடவில்லை என்றால், திரும்பி வருவதற்குள் அந்தக் கோட்டை ஒரு தடவையாவது தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் அவளே அவுட். எதிரே ஏழு பேர் கையை விரித்துக்கொண்டு நிற்கும்போது குனிந்து கோட்டைத் தேடினால், தேடிய நொடியில் ஏழு பேரும் மேலே விழுவார்கள். அதனால் அக்கா ஒவ்வொருத்திக்கும் ஒரு காலடிக் கணக்கு வைத்திருந்தார். ஜெயாவுக்கு ஆறு. தேன்மொழிக்கு ஐந்து. கண் எதிரணியின் இடுப்பில், கணக்கு காலில். இரண்டு மாதம் இதை மட்டுமே செய்ய வைத்தார். துணியால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் பெண்கள் கோட்டைத் தாண்டி நிற்பார்கள்.

கோடு சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். அங்கேதான் நான் வருகிறேன். கடற்காற்று தினமும் சுண்ணாம்புக் கோட்டைத் தின்றுவிடும். தினமும் அளந்து, ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்பு நிரப்பித் தட்டித் தட்டிக் கோடு போடுவது துணைப் பயிற்சியாளரின் வேலை. அளக்க ஒரு நீல நைலான் கயிறு. ஒரு முனையில் முளையில் மாட்ட ஒரு வளையம். அங்கிருந்து மூன்று மீட்டரில் ஒரு முடிச்சு, அது பால்க் லைன். ஐந்தரையில் ஒரு முடிச்சு, அது மைதானத்தின் பாதி நீளம்; எட்டில் ஒரு முடிச்சு, அது அகலம். ஸ்டெல்லா அக்கா தன் கையாலேயே டேப் வைத்து அளந்து போட்ட முடிச்சுகள்.

ஒரு போட்டிப் பருவத்தின் ஆரம்பத்தில் ஒரு மாலை, அக்காவின் சைக்கிள் கேரியரில் கடிகாரத்தைக் கட்டும் ரப்பர் அறுந்துவிட்டது. "ஏ விமலா, எத்தயாவது வச்சி இறுக்கிக் கட்டு. கீழ வுழுந்துச்சு, அதோட சேத்து ஒன்னையும் அடக்கம் பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். சுற்றிப் பார்த்தேன். கயிறு என்று மைதானத்தில் இருந்தது ஒன்றுதான். பிளேடை எடுத்தேன். நீல நைலான் கயிற்றில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, சரியாகச் சொன்னால் நாற்பது சென்டிமீட்டர், வெட்டிக் கடிகாரத்தைக் கட்டினேன். எந்த முனையில் வெட்டுவது என்று யோசிக்க நேரமில்லை. வளையம் இருந்த முனையில் வெட்டி, வளையத்தைத் திரும்ப முடிந்துவிட்டேன்.

அதாவது, மூன்று மீட்டர் என்பது இரண்டு அறுபது ஆகிவிட்டது. அந்த வருடத்துக் காலடிக் கணக்கெல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் எண்ணிப் பழகியது.

இது தெரியாமல் செய்த தப்பு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடிச்சு போடும்போதே ஒரு கணம் உறுத்தியது. நாற்பது சென்டியில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். வந்ததெல்லாம் வெற்றிதான். அந்த வருடம் காலிறுதி வரை எல்லா ஆட்டமும் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. வெளியூர்ப் பெண்கள் வழக்கமான தூரம் வருவார்கள். பார்த்தால் எங்கள் பெண்களின் மடிக்குள்ளேயே வந்து நிற்பார்கள். பிடித்து உட்கார வைப்போம். "நம்ம டிபென்ஸு இந்த வருஷம் இரும்புடி" என்று ஸ்டெல்லா அக்கா பூரித்துப் போனார்.

அதற்கு நடுவில்தான் ஒரு அமெரிக்கர் வந்தார். மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வந்தவர், வாடகை சைக்கிளில் வழி தவறி, வெயிலில் வெந்த இறால் நிறத்தில் எங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தன் ஊரில் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராம். அவர்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களாம். அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பந்து எங்கே?"

எங்கள் அணியின் ஆங்கிலத் துறை நான்தான். ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன்.

"பந்து வாங்க டப்பு இல்லனு சொல்லு."

சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். கண் பளபளவென்று ஆகிவிட்டது. "இது எங்கள் ஆட்டம்தான். பந்தை மட்டும் எடுத்துவிட்டீர்கள், பந்து எப்படியும் தொந்தரவுதான்" என்றார். தனக்கு ஒன்பது துணைப் பயிற்சியாளர்கள் என்றார். ஸ்டெல்லா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒண்ணையே என்னால மேய்க்க முடியல" என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

போகும்போது அவர் நடுக்கோட்டில் நின்று, பால்க் லைன் வரைக்கும் நீளக் காலால் எட்டு வைத்து நடந்தார். இது எத்தனை தூரம் என்று கேட்டார். மூன்று மீட்டர் என்றேன். தலையை ஆட்டினார். "முப்பது வருடமாகக் கெஜக் கணக்கில் நடக்கிற கால் இது. இங்கே மூன்று கெஜம்கூட இல்லை. மறுபடி அளந்து பாருங்கள்" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் அக்கா.

நான் அக்காவைப் பார்த்தேன். கேரியரில் கடிகாரத்தைக் கட்டியிருந்த நீலக் கயிற்றைப் பார்த்தேன்.

"கிரவுண்டு ரொம்ப சுத்தமா கீதுன்றாருக்கா."

"பாத்தியா, வெள்ளக்காரனுக்குத் தெரியுது" என்று சொல்லி அவருக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

இனி தேன்மொழி. பதினேழு வயது. கருங்குழிப் பக்கத்துக் காலனியிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்து தங்கி, எங்களிடம் ஆடிக்கொண்டிருந்தாள். பாடிப் போனால் காற்று மாதிரிப் போவாள், ஆனால் பேசவே மாட்டாள். அவள் அம்மா ஒரு நாள் சவுக்கு வெட்டும் வேலைக்கு நடுவில் மைதானத்துக்கு வந்து, ஸ்டெல்லா அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார். "டீச்சரம்மா, எக்ஸ்போர்ட் கம்பெனி வேனு திங்கக்கெயம காலைல காலனி முனையில வந்து நிக்கும். இவளுக்கு சீட்டு போட்டாச்சு. மாவட்ட டீம்ல பேரு வந்து, ஸ்போர்ட்ஸு ஆஸ்டல்ல சேத்துக்கினு படிக்க வச்சாங்கன்னா வுடறேன். வரலனா வேன்ல ஏறட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியது செங்கல்பட்டு மைதானம். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. இறுதிக்கு வரும் இரண்டு அணிகளிலிருந்துதான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். அரையிறுதியில் தோற்றால் தேர்வாளர்கள் உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த அரையிறுதி கருங்குழி அணியோடு. அதாவது தேன்மொழியின் சொந்த ஊர்க்காரிகளோடு.

முதலில் ஜெயா போனாள். ஆறு காலடி, கண் நேராக, அழகாகப் போய் அழகாகத் திரும்பினாள். விசில். நடுவர் கையைக் காட்டி, "பால்க் லைன் தாண்டல, அவுட்" என்றார். அடுத்தது தேன்மொழி. ஐந்து காலடி. விசில். அவுட். மூன்றாவது பெண்ணும் அப்படியே. எங்கள் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கருங்குழிக் கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மச்சான், கோட்டாண்டயே வர மாட்டேன்றீங்க? நாங்க இன்னா கட்சிடுவமா?"

"ஏ தேனு, சொந்த ஊர்க்காரங்கன்னு பயமா? வா, வந்து நாஸ்தா துன்ட்டுப் போ."

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள், "கிரவுண்டு பெருசா கீதுக்கா."

"கிரவுண்டு பெருசு இல்லடி. உன் பயம் பெருசு" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்கு அந்த நொடியில் அமெரிக்கரின் நீளக் கால் கண் முன்னால் நடந்து போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கெஜம்கூட இல்லை.

வாயைத் திறக்கவில்லை. பெண்களே சமாளித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பயிற்சி என்பது அப்படிச் சுலபமாக உடம்பை விட்டுப் போகாது. இரண்டு மாதம் எண்ணிய கால் தானாகவே அங்கேயே நின்றது. இடைவேளையில் ஒன்பதுக்குப் பதினேழு. பின்தங்கியிருந்தோம்.

ஐந்து நிமிட இடைவேளை. ஸ்டெல்லா அக்கா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், மெதுவாகப் பேசினார். அவர் திட்டாமல் பேசினால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"தேனு, நீ உக்காரு. மூணு தபா அவுட்டு. ஊர்க்காரிங்கள பாத்து ஒனக்குக் காலு நடுங்குது. தப்பு இல்ல. ஆனா உக்காரு."

தேன்மொழி பனியனில் மாட்டியிருந்த எண் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஊக்கைக் கழற்றினாள். அந்த ஊக்கு அவள் விரலைக் குத்தியது, அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை வேனில் அப்போதே ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று அந்த முகத்தைப் பார்த்த எனக்குத் தெரிந்தது.

"அக்கா," என்றேன். "அவ நடுங்கல. கோடு நடுங்குது."

"இன்னா உளர்ற?"

அவர் மடியிலிருந்த கடிகாரத்தைக் காட்டினேன். அதைச் சுற்றியிருந்த நீலக் கயிற்றைக் காட்டினேன். மூன்று வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது வாக்கியத்தில் அமெரிக்கர் உண்மையில் என்ன சொன்னார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு இணை எதுவும் இல்லை. பிறகு முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உருவினார். கடிகாரத்தை என் கையில் திணித்தார்.

"புடி. கீழ வுட்ட, கொன்னுடுவேன். மீதிய வூட்ல போயி பேசிக்கலாம்."

அந்தத் துண்டுக் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டார். பெண்களைச் சுற்றி உட்கார வைத்தார்.

"பாருங்கடி. ஒங்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல கொறச்சலு இவ்ளோதான். இந்தக் கயிறு நீளம். வேற ஒண்ணும் கெடையாது. எல்லாரும் தாண்டிப் பாருங்க."

ஒவ்வொருத்தியும் எழுந்து கயிற்றைத் தாண்டிப் பார்த்தாள். ஜெயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குத்தான் இவ்ளோ பேஜாரா?"

தேன்மொழி மட்டும் தாண்டவில்லை. குனிந்து அதன் மேல் பாதத்தை வைத்து அளந்தாள். பிறகு ஊக்கை எடுத்து எண் துணியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

சொன்னவுடன் கால் கேட்டுவிடாது. இரண்டாம் பாதியில் முதலில் போன ஜெயா பதற்றத்தில் பழைய கணக்கிலேயே நின்று மறுபடி அவுட் ஆனாள். அடுத்து தேன்மொழி. பாடிக்கொண்டே போனாள், ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அந்த இரண்டு மாதச் சட்டத்தை எல்லார் முன்னாலும் உடைத்தாள். குனிந்து, தெருவில் காசைத் தொலைத்தவள் மாதிரி, கோட்டைத் தேடினாள்.

"ஏய்!" என்று எழுந்தார் அக்கா.

எதிரே ஏழு பேருக்கும் அது விருந்து மாதிரி. மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். குனிந்தவாக்கிலேயே தேன்மொழி பக்கவாட்டில் நழுவி, ஒருத்தியின் முழங்கையைத் தொட்டு, இன்னொருத்தியின் தோளைத் தட்டி, நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு புள்ளி. "ஏய்" என்று திறந்த அக்காவின் வாய் மூடவில்லை.

அடுத்த தடவையும் குனிந்தாள். அவர்கள் மறுபடி பாய்ந்தார்கள். மூன்றாவது தடவை கருங்குழிக் கேப்டன் உஷாராகி, "யாரும் போவாதீங்கடி, அவ நடிக்கிறா" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. தேன்மொழி சாவகாசமாகக் குனிந்து, நிஜமாகவே கோட்டைப் பார்த்து, தாண்டி, திரும்பி வந்தாள். அதன் பிறகு அவள் குனிவது நிஜமா நடிப்பா என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. எனக்கும் தெரியவில்லை.

கடைசி நிமிடத்தில் இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று. ஒரு புள்ளி எங்களுக்கு அதிகம். ஆட்டத்தின் கடைசிப் பாட்டு தேன்மொழியுடையது. போனாள். குனிந்தாள். எதிரணி சிலையாக நின்றது. கட்டைவிரலால் மண்ணைத் தடவித் தடவிக் கோட்டைக் கண்டுபிடித்து, முழுக்காலையும் தாண்டி வைத்து, நடுவர் பார்த்தாரா என்று அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, திரும்பி நடந்து வந்தாள். செங்கல்பட்டு மைதானம் அதைவிடச் சப்பென்ற ஒரு பாட்டைப் பார்த்திருக்காது.

விசில் ஊதியதும் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். கையில் கடிகாரம் இருந்தது. அதாவது, அதுவரை இருந்தது.

மறுநாள் இறுதியில் தோற்றோம். தேர்வுப் பட்டியலில் தேன்மொழி பெயர் நான்காவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை வேன் வந்து, இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, அவள் இல்லாமலே போயிற்று. தேவராஜ் அண்ணன் சில நாள் பக்கத்து வீட்டுக்குப் போய் மணி கேட்டார். "இப்போதான் கரெக்டான நேரம் தெரியுது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

எனக்குத் தண்டனை உண்டு. ஸ்டெல்லா அக்கா நீளக் கயிற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, துண்டுக் கயிற்றை மட்டும் என்னிடம் கொடுத்தார். ஒரு மாதம் மைதானத்தை அதைக் கொண்டுதான் அளந்தேன். மண்டி போட்டு, முளை நட்டு, அகலத்துக்கு இருபது தடவை, நீளத்துக்கு இருபத்தேழரை தடவை. அந்த அரைத் தடவையில் அவர் தலைக்கு மேல் நின்று பார்ப்பார். என் முழங்கால் அன்றைக்கே பாதி போயிருக்க வேண்டும்.

சில வருடம் கழித்து தேவராஜ் அண்ணனுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகி, அணி என் கைக்கு வந்தது. பத்து வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தேன். சில கோப்பைகள் வந்தன, பல வரவில்லை. கோடு மட்டும் நானேதான் அளந்தேன். துணைப் பயிற்சியாளர்களிடம் கொடுத்ததில்லை. துணைப் பயிற்சியாளர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். இப்போது அவளும் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். வாய் நன்றாகத் திறந்துவிட்டது.

"அக்கா, புது மேட்டு வந்துருச்சிக்கா. துண்டு துண்டா கோத்து விரிக்கிற டைப்பு. நேத்து விரிச்சோம். காலைல வந்து அளந்தேன்."

"கோடெல்லாம் கம்பெனியிலயே போட்டு வருதேடி. அத்தப் போயி ஏன் அளந்த?"

"ஒங்ககிட்ட ஆடுனவ அளக்காம இருப்பனா? ஒரு மீட்டரு கம்மிக்கா. ஒரு வரிசையே காணோம்."

"எங்க போச்சு?"

"வாட்ச்மேன் அண்ணாத்த ரூம்ல கீது. மெத்து மெத்துனு கீதுனு விரிச்சிப் படுத்துகினு கீறாரு. கேட்டா, ஒரு வரிசைல இன்னாம்மா வந்துடப் போவுதுன்றாரு. இன்னா பண்ணட்டும், சொல்லுங்க. புடிச்சித் திட்டிடட்டுமா?"

"திட்டாத," என்றேன். "திருப்பி வாங்கிக்க. அவருக்கு ஒரு பாய் வாங்கிக் குடு. காசு என் கணக்கு."